நீலக் கோப்பையின் உயரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பெர்கனில் மழை விட்டதா என்று கேட்க மாட்டேன், அங்கே அது விடுவதே இல்லையே. உங்கள் முழங்கால் வலி விட்டதா?

நார்வேயின் இந்த வடகோடியில் ஒரே கொண்டாட்டம்! கண்ணுக்கு மொட்டையாகத் தெரிந்த கரைப்பாறையைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தோம். படங்களைக் கணினியில் இணைத்ததும், துடுப்புக்காரர்களோடு ஒரு பழங்காலப் படகுச் செதுக்கல் எழுந்து வந்தது! ஆனால் படமெடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் வைக்க மறந்துவிட்டேன், படகின் அளவே தெரியவில்லை. இப்போது பாறையைப் பனி மூடிவிட்டது.

“ஏன்டி ரன்வெய்க், உன் படகு உள்ளங்கையில அடங்குமா, ஊரையே ஏத்திக்குமா?” என்று தோழி இங்குன் சிரிக்கிறாள்.

நல்லவேளை, பாறைமேல் நான் வைத்த நீலத் தகரக் கோப்பை எல்லாப் படத்திலும் இருக்கிறது. அதைத்தான் பிறகு காற்று கடலில் தள்ளிவிட்டது. கவலை வேண்டாம், துரத்திப் போயும் அது கிடைக்கவில்லை, நான் முழங்கால்வரைதான் நனைந்தேன்.

அதன் ஜோடி உங்களிடம் இருக்கிறதே! உயரத்தை அளந்து உடனே எழுதுங்கள், அதை வைத்துப் படகின் அளவைக் கணக்கிட்டுவிடுவேன். கம்பளிக் காலுறையும் அனுப்புங்கள். தபால் படகு கிளம்புகிறது.

அளந்ததும் கோப்பையை அலமாரியில் வைத்துவிடாதீர்கள், அதிலேயே காப்பி குடியுங்கள். இங்கே ஃபிளாஸ்க் மூடியில் குடிக்கிறேன், ருசியே இல்லை.

உங்கள் ரன்வெய்க்