நேராகப் போய் இடது பக்கம்

கெரெத்தாரோ, மெக்சிகோ
2023 ஜூலை 9

அன்புள்ள ஹெண்ட்ரிகா,

நான் நலமில்லை, கோபமாக இருக்கிறேன். பூக்காரி தொமித்திலா, "உன் வெள்ளைக்காரியை மே மாசம் சந்தையில பாத்தேன்டி" என்றாள். "போடி பொய்க்காரி, வந்தா என் வீட்டுக்கு வராமப் போவாளா?" என்று சண்டைக்கே போனேன். சந்தையில் இன்னும் இரண்டு பேர் பார்த்தார்களாம், உண்மைதானாமே! பன்னிரண்டு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவளுக்கு ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லையா?

நவம்பர் 18 எனக்குக் கல்யாணம். சிரிக்காதே, அறுபத்தோரு வயதில்தான். தினமும் என் கடையில் சோள அடை சாப்பிட வரும் ஃபிலெமோன்தான் மாப்பிள்ளை. எங்கள் ஊர்க் கல்யாண வழக்கப்படி ஞானத்தாயாக நின்று எங்கள் இருவர் தோளிலும் கயிற்று மாலை போடுவது நீதான் என்றிருந்தேன். இப்போது வேறு யாரையாவது கேட்கட்டுமா? பதில் போடு.

மனம் வெந்திருக்கும்
ஒதிலியா

குரோனிங்கன், நெதர்லாந்து
ஜூலை 24

என் ஒதிலியா,

கல்யாணமா! படித்ததும் சமையலறையில் தனியாக ஆடினேன். வேறு யாரையும் கேட்காதே, தாயே.

கம்பெனி வேலையாக மூன்று நாள் வந்தேன். கடைசி நாள் முழுக்க உன்னைத்தான் தேடினேன். எங்கே பார்த்தாலும் மேம்பாலம், மாடிக் கட்டடம். நம் தெரு எதுவென்றே தெரியவில்லை. நம் தெருமுனைக்கு அதுதானே அடையாளம் என்று, "மாவு மில் எங்கே?" என ஐந்து பேரைக் கேட்டேன். உங்கள் ஊரில் யாரும் 'தெரியாது' என்று சொல்ல மாட்டார்கள் என்பதை மறந்துவிட்டேன். ஐந்து பேரும் ஐந்து வழி காட்டினார்கள். கடைசியாகக் கையில் கிளிக்கூண்டோடு ஒருவர். "மாவு மில்லா? இதோ பக்கத்துலதாங்கம்மா. நேராப் போய் இடது பக்கம். எதுக்கு நடக்கறீங்க?" என்று பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டார்.

அது தொழிற்பேட்டைக்குப் போனது. நம் காலத்தில் அந்த இடம் வெறும் சோளக்காடு! ஷிஃப்ட் முடிந்து நீலச் சட்டைப் பெண்கள் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அன்று அந்த வயதுப் பெண்கள் வேலை தேடி வடக்கே அமெரிக்க எல்லை தாண்ட மூட்டை கட்டினார்கள். இந்த ஊர் வளரவே கூடாது என்று உன்னோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! வளரட்டும், நன்றாக வளரட்டும் என்று தோன்றியது. ஆனால் உன்னைப் பார்க்காமல் விமானம் ஏறியபோது அழுதேன். தொலைந்துபோனதைச் சொல்ல வெட்கம், அதனால் எழுதவில்லை.

மன்னிப்பாயா?
ஹெண்ட்ரிகா

கெரெத்தாரோ
ஆகஸ்ட் 12

அடி மடச்சி,

என் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கக் கூடாதா? மில்லை இடித்து ஒன்பது வருஷமாகிறது!

உன் கடிதத்தைக் கடையில் உரக்கப் படித்தேன். கிளிக்கூண்டு வந்ததும் ஃபிலெமோன் அடையைக் கீழே வைத்தார். முகம் செத்துப்போயிற்று. "அந்த உசரமான அம்மாவா? நான்தான் ஏத்திவிட்டேன்" என்றார். மனிதர் செலாயா ஊரிலிருந்து ஜனவரியில்தான் இங்கே வந்தார். மில்லைக் கண்டாரா, மண்ணைக் கண்டாரா! "தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? பாவம், மனசு கஷ்டப்படுமே" என்கிறார். நீ நின்ற இடம் என் வாசலிலிருந்து நாற்பது அடி! கடையே சிரித்தது. எனக்குச் சிரித்துச் சிரித்து அழுகை வந்துவிட்டது. நீ தேடி வந்தாயே, அது போதும்.

கயிற்று மாலை உனக்குத்தான். செய்த பாவத்துக்கு ஃபிலெமோன் விமான நிலையத்துக்குத் தானே வந்து உன்னை அழைத்து வருவதாகக் குதிக்கிறார்.

வேண்டாம். நானே வருகிறேன்.

உன்
ஒதிலியா