ஐயாயிரத்துக்குப் பதின்மூன்று குறைவு

அன்புள்ள அப்பா,

டெக்சஸில் வேலை எப்படி இருக்கிறது?

இங்கே ஊர் எல்லையில் புதுப் பலகை வைத்துவிட்டார்கள். மக்கள் தொகை 4,987. ஒஹையோவில் ஐயாயிரம் பேர் இல்லாவிட்டால் ஓர் ஊர் நகரம் இல்லையாம், கிராமம்தானாம். காகித ஆலை மூடியபின் என் வகுப்பிலிருந்தே ஒன்பது பேர் போய்விட்டார்கள்.

போன வருஷம் கணக்கெடுப்புப் படிவத்தை நான்தான் நிரப்பினேன்.

"வீட்டுல ரெண்டு பேருன்னு போடுடி," என்றாள் அம்மா.

"அப்பா?"

"அவரு எங்க தூங்குறாரோ அங்கதான் எண்ணணும். அங்க கூட இருக்குறவ எழுதிக்குவா."

படிவத்திலிருந்த விதியும் அதையேதான் சொன்னது. இரண்டு முறை படித்தேன். பிறகு மூன்று என்று எழுதி, அம்மாவுக்குக் காட்டாமல் தபாலில் போட்டேன்.

நேற்று வகுப்பில் ஹோஸ்டெட்லர் சார், "பதிமூணே பேருல போச்சு," என்று வருத்தப்பட்டார்.

"பதிமூணு பொய் சொல்லக்கூட இந்த ஊர்ல ஆள் இல்லையா சார்?" என்றான் டுவெய்ன். எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்துகொண்டேன்.

அந்த 4,987 பேரில் நீங்களும் ஒருவர், அப்பா. அடுத்த கணக்கெடுப்புவரை, இன்னும் ஒன்பது வருஷத்துக்கு, அதை யாரும் மாற்ற மாட்டார்கள்.

உங்கள் குளிர்கால மேலங்கியை மட்டும் அம்மா ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தானமாகக் கொடுத்துவிட்டாள்.

இதே முகவரியில் இருக்கும்,
உங்கள் மகள்