இரண்டாம் எண் கோமுஸ்

பிப்ரவரி 4

எங்கள் நாட்டு மூன்று தந்தி வாத்தியம் கோமுஸ் ஆறு, டேப்லெட் ஆறு, ஹெட்போன் ஆறு. சிறைக்குள் இத்தனையும் வந்து இறங்கியிருக்கின்றன. கொண்டுவந்தவர் சைரா, ஏதோ தொண்டு நிறுவனத்துப் பெண். வாத்தியார் தேவையில்லையாம். செயற்கை நுண்ணறிவு வாசிப்பைக் கேட்டுத் திருத்துமாம். “யாரு வேணாலும் கத்துக்கலாம். அதுக்கு ஆள் பேதமே தெரியாது” என்றார். அதிகாரி உட்பட எல்லாரும் சிரித்துவிட்டோம். அந்தம்மாவுக்கு ஏன் என்று புரியவில்லை.

கைதிகளில் வாத்திய அறைச் சாவி என் பொறுப்பு. வெளியே லாரி ஓட்டியவன், ஆகவே எல்லா இயந்திரமும் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 6

தோலோபெர்தி இரண்டாம் எண் கோமுஸை எடுத்துக்கொண்டான். எங்கள் கொட்டடியைப் பூட்டுவது காவலர்கள், ஆள்வது அவன். வாசித்தவுடன் ஹெட்போனைத் தாண்டி எனக்கே கேட்டது, டேப்லெட்டின் பெண் குரல்: “கட்டைவிரல் தாமதம். மறுபடி, பொறுமையா.” அவனிடம் இப்படிப் பேசிய மனிதன் எவனும் முழுப் பல்லோடு திரும்பியதில்லை. முகம் சிவந்தது. உடைக்கப் போகிறான் என்று நினைத்தேன். மறுபடி வாசித்தான்!

பிப்ரவரி 11

என் கட்டைவிரலும் தாமதம்தானாம். ஐந்தாம் எண், மூன்றாம் பாடம்.

பிப்ரவரி 15

விடிகாலையில் எல்தியார் அறையைக் கூட்டிப் பெருக்க வருவான். கதவைத் திறந்துவிட்டுப் புகைக்கப் போவேன். இன்று சீக்கிரம் திரும்பினேன். தரையில் உட்கார்ந்திருக்கிறான் — மடியில் இரண்டாம் எண்.

உதைத்தேன். விலாவில், இடுப்பில், மறுபடி விலாவில். கையால் அடிக்கவில்லை. அவன் கீழே இறக்கப்பட்டவன். அவனைக் கையால் தொடக் கூடாது, அவன் தொட்டதையும் தொடக் கூடாது. தெரியாமல் தொட்டால் பழுதில்லை. தெரிந்து தொட்டால் நீயும் கீழே. அதனால் பூட்ஸ் மட்டும்.

முதல் உதை விழுந்ததும் அவன் கோமுஸைப் பத்திரமாகப் பெஞ்சின்மேல் வைத்தான். அப்புறம்தான் தலையை மூடிக்கொண்டான். அதுவே கண்ணில் நிற்கிறது.

பிப்ரவரி 16

போன இலையுதிர் காலத்தில் சர்க்கரை காணாமல் போனது. எல்தியார்தான் என்று தோலோபெர்தி தீர்ப்புச் சொன்னான். கழிப்பறைத் துணியை முகத்தில் தேய்த்தார்கள், அதோடு அவன் கீழே. அதற்கு முன்பே, கையால் தொடலாம் என்றிருந்தபோதே, அவன் இடது கையை முக்காலியின் காலுக்கு அடியில் வைத்து ஒருவன் ஏறி உட்கார்ந்தான். இரண்டு விரல்கள். அந்தச் சத்தம் காய்ந்த சுள்ளி முறிவதுபோல இருந்தது.

முழங்கையைப் பிடித்திருந்தது நான். நான் பிடிக்கலேன்னா வேற எவனாவது பிடிச்சிருப்பான்னு இத்தனை மாசமா எனக்கு நானே சொல்லிக்கிறேன். பொய். பிடிச்சது நான். நான்தான்.

பிப்ரவரி 19

நாலடி தள்ளி நின்று கேட்டேன். “ஏண்டா, ஆறு கிடக்க அவனோடதையா எடுப்ப? சாக ஆசையா?”

“அதுலதான் தந்தி தாழ இருக்கு மெதெர் அண்ணே. மத்ததுல விரல் அமுங்கல. ‘ரெண்டு விரல் மடங்கலையா?’ன்னு அது கேட்டுச்சு. ஆமான்னேன். ‘சரி, மூணு விரலுக்கு மாத்தித் தரேன்’னுச்சு.” துடைப்பத்தைக் கையில் எடுத்தான். “எப்படி மடங்காம போச்சுன்னு மட்டும் கேக்கல.”

அவனை ஏழாவது மாணவனாக நானே பதிந்தேன். கூட்டுகிற நேரத்தில் நாற்பது நிமிடம். நான் வாசலில் காவல்.

காலை ஒன்பது மணிக்கு அதே கோமுஸை ஆணியிலிருந்து எடுத்து, தோலோபெர்தியின் கையில் கொடுத்தேன். தெரிந்தே. எனக்கென்ன பைத்தியமா?

மார்ச் 2

கீழே இறக்கப்பட்டவர்களின் கரண்டியில் ஆணியால் ஓட்டை போட்டு வைப்பார்கள், அடையாளத்துக்கு. பக்கத்துக் கொட்டடியில் ஒருவன் பசி தாங்காமல் அப்படியொரு கரண்டியால் சாப்பிட்டிருக்கிறான். கண்டும் சாப்பிட்டான் என்றார்கள். தாடையைப் பெயர்த்துவிட்டார்கள். சாப்பாட்டுக்கூடத் தரையில் ரத்தத்தைக் கழுவியது எல்தியார்.

மார்ச் 5

ரத்தத்தைக் கழுவின அதே கையால் எல்தியார் பதினோராம் பாடத்தைத் தப்பில்லாமல் முடித்தான். நான் இன்னும் ஆறில் கிடக்கிறேன். பொறாமையாக இருக்கிறது, உண்மையாகவே.

மார்ச் 13

நூரூஸ் அன்று, வசந்தப் புத்தாண்டுக்கு, குடும்பங்கள் வருகின்றன. எல்லார் வாசிப்பிலிருந்தும் நல்லதைப் பொறுக்கி ஒரே பாட்டாக இயந்திரம் கோத்துத் தருமாம். சைரா சொல்லிவிட்டுப் போனார். தலையாட்டினேன்.

மார்ச் 21

யோசிச்சிருக்கணும். யோசிச்சிருக்கணும்டா மடையா!

முற்றத்தில் மேசைகள், எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி, டீ, குழந்தைகள். சைரா ஒலிபெருக்கியைப் போட்டார். அந்தப் பாட்டு — என்ன சொல்ல — தோலோபெர்தியின் அம்மா கண்ணைத் துடைத்தாள். சைரா சந்தோஷமாகக் கூவினார்: “முன்னாடி கேக்குதே, அது ஏழாவது மாணவர்! ரெண்டாம் எண் கோமுஸ். இருபது மணி நேரம் பயிற்சி, எல்லாம் விடிகாலையில. யாருங்க அது? எழுந்திரிங்க!”

முன்வரிசையில் ஆறு நாற்காலிதான். தோலோபெர்தியின் கையில் போர்சோக் பாதியில் நின்றது. தன் விரல்களைப் பார்த்தான். பிறகு குப்பைத் தொட்டிப் பக்கம் பார்த்தான். அங்கே துடைப்பத்தோடு நின்ற எல்தியார், முட்டாள், சிரித்துக்கொண்டிருந்தான்.

குடும்பங்கள் போகும்வரை எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 23

நேற்றையதை இன்றுதான் எழுத முடிகிறது. வலது கை மட்டும் வேலை செய்கிறது.

நால்வர் எல்தியாரை முற்றத்தின் நடுவில் போட்டு உதைத்தார்கள். தோலோபெர்தி உதைக்கவில்லை. என்னிடம் வந்தான்.

“தெரியாம தொட்டா பழுதில்ல. எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாதுதானே மெதெர்? ஒரு வார்த்தை சொல்லு. போயி டீ குடி.”

வாய் திறப்பதற்குள் தரையிலிருந்து ஒரு குரல், ரத்தத்தோடு: “அண்ணனுக்குத் தெரியாது. சாவிய நான்தான் திருடினேன்.”

யாருக்காகப் பொய் சொல்றான்? முழங்கையைப் பிடிச்சவனுக்காகவா?

ஒருவன் அவன் இடது கையைப் பூட்ஸால் இழுத்து விரித்தான். மீதி மூன்று விரலுக்குத்தான் குறி என்று புரிந்தது.

“தெரியும்” என்றேன். “முதல்லேர்ந்து தெரியும். தினமும் நான்தான் எடுத்து உன் கையில குடுத்தேன்.”

நான் போய் எல்தியாரின் கைமேல் படுத்துக்கொண்டேன். இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்து நெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். சூடாக இருந்தது. அதற்குப் பிறகு என்னையும் யாரும் கையால் அடிக்கவில்லை. பூட்ஸ்தான். காவலர்கள் வருவதற்குள் விலா எலும்பு மூன்று போயிற்று.

அவன் விரல் ஒன்றும் முறியவில்லை.

மார்ச் 30

மருத்துவக் கொட்டடி. இருமினால் உயிர் போகிறது. என் பழைய கூட்டாளி வந்தான், கதவோடு நின்றான், ரொட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் போனான்.

ஏப்ரல் 9

கரண்டி தந்தார்கள். ஓட்டையோடு. சூப் ஒழுகுகிறது. ரொட்டியைப் பிசைந்து அடைத்துக்கொள்ள எல்தியார் காட்டித்தந்தான். கொட்டடியில் என் கட்டில் இப்போது கழிப்பறை வாசலில், அவன் கட்டிலுக்குப் பக்கத்தில். நாற்றத்துக்கு மூன்றாம் நாள் பழகிவிடும் என்கிறான். பழகவில்லை.

இரண்டாம் எண் கோமுஸை எரிக்கச் சொன்னானாம் தோலோபெர்தி. “பட்டியல்ல இருக்குற பொருள், எரிச்சா நான் கையெழுத்துப் போடணும்” என்று அதிகாரி மறுத்துவிட்டார். அதனால் அதன் தலைப்பக்கத்திலும் ஆணியால் ஓர் ஓட்டை. இனி அதை வேறு எவனும் தொடமாட்டான். அதோடு இருந்த டேப்லெட்டையும் ஹெட்போனையும்கூட.

ஏப்ரல் 12

மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு மணி நேரம், வரிசையில் நின்று. எங்களுக்கு இரண்டாம் எண் நாள் முழுக்க. கேட்க ஆளில்லை.

இன்று எல்தியார் பதினேழாம் பாடம் முடித்தான். கோமுஸை நீட்டினான். பெஞ்சில் வைக்கவில்லை, நேராக என் கையில். ஆறாம் பாடத்தை வாசித்தேன்.

“கட்டைவிரல் தாமதம்” என்றது அந்தக் குரல். “மறுபடி, பொறுமையா.”