இரண்டாம் போத்தல் காற்று

தும்பி,

உன்னை இந்தப் பெயரால் கூப்பிட இனி நான் ஒருத்திதான் மிச்சம். நேற்றுப் பின்னேரம் உன் லாபில் இருந்து ஒரு பெட்டி வந்தது. உன் பெரியவர், அந்த உயரமான வெள்ளைக்காரர், தானே காரில் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தார். உன் நீல ஜக்கெற், தேத்தண்ணிக் கோப்பை, இரண்டு கொப்பி, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு கண்ணாடிப் போத்தல். தாளைப் பிரித்ததும் அந்த மணம் வந்தது. போத்தலின் திருகிக்கு நீ பூசுகிற கிறீஸ். மெழுகில் மண்ணெண்ணெய் பட்ட மாதிரி ஒரு மணம். நீ சோறு குழைத்து என் மகள் ஜெனிக்குத் தீத்தின காலத்தில் உன் விரலில் இருந்த மணம்.

உன் அத்தான் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "நல்ல கண்ணாடி, மணிபிளான்ற் வைக்கலாம்" என்றார். அழுகை வந்தால் இவர் இப்படித்தான் ஏதாவது சொல்லுவார். உன் பெரியவருக்கு அந்த வித்தை தெரியவில்லை. என் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்தார். உன் கை மாதிரி ஒரு கை அந்த லாபில் இனி வராது என்று அவர் சொன்னதாக ஜெனி எனக்குச் சொன்னாள்.

நானும் இந்த நாட்டில் பத்து வருசமாக வேலை செய்கிறேன். நான் செத்தால் நியூ லின் கடைத்தொகுதியில் இருந்து யார் வந்து என் தரை துடைக்கிற தடியை மேசையில் வைத்து அழப்போகிறார்கள்? உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து இரண்டு கிழமை ஆகவில்லை, அதற்குள் எனக்கு இந்த நினைப்பு. உன்னில் எனக்குப் பொறாமை. நீ இருந்தபோதும் இருந்தது. நீ போன பிறகும் அது போகவில்லை.

உனக்காக நான் படிப்பை விட்டேன் என்று ஊரில் சிலர் சொல்லுவார்கள். கேட்க நல்லாயிருக்கும், அதனால் நானும் திருத்தினதில்லை. உண்மை உனக்குத் தெரியும். மன்னாரில் சிஸ்ரர்மாரின் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருசம் இருந்தேன். எனக்கு ஏறவில்லை. ஏழு வருசம் கழித்து நீ அதே வகுப்பில் இருந்து முதலாம் பிள்ளையாக வந்தாய். அவ்வளவுதான் நடந்தது. என்னிடமிருந்து எவரும் ஒன்றும் பறிக்கவில்லை. பறித்திருந்தால் என் எரிச்சலுக்கு ஒரு நியாயமாவது இருந்திருக்கும்.

நாங்கள் அகதியாக வந்தோம். நீ படிப்பைக் காட்டி விசா எடுத்து வந்தாய். பிளாக்ஹவுஸ் பே வீட்டின் பின்னறையை உனக்கு ஒதுக்கினேன். "ஒரு மாதம்தான் அக்கா, பிறகு வேற இடம் பாத்திடுவன்" என்றாய். ஏழு வருசம் இருந்தாய். வேறு இடம் பார்க்க உன்னை விடாதது நான் இல்லை, ஜெனிதான். பள்ளிக்கூடத்தால் வந்தால் என்னோடு அவளுக்கு மூன்று சொல் போதும்: ஓம், இல்லை, பசிக்குது. உன் கார் சத்தம் கேட்டால் வெறுங்காலோடு ஓடுவாள். பிறகு இரண்டு பேரும் இங்கிலிசில் தொடங்குவீர்கள். நான் மரக்கறி வெட்டிக்கொண்டு, எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசையால் வந்து சாப்பிடும்போது, உன் வேலையை எனக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டாய்.

"அக்கா, கரியெல்லாம் ஒரே பாரம் இல்லை தெரியுமோ? நூறில ஒண்டு கொஞ்சம் பாரம் கூடினது."

"அப்ப விலையும் கூடவோ?"

நீயும் ஜெனியும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பிறகு நீ தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வடிவாகச் சொன்னாய். "செடி கொடியெல்லாம் பெரிய சோம்பேறியள், அக்கா. காத்தில இருக்கிற கரியில பாரம் குறைஞ்சதைத்தான் கூட எடுக்கும். விறகும் பெற்றோலும் எல்லாம் ஒரு காலத்துச் செடியில இருந்து வந்ததுதானே. அதை எரிச்சா அந்த லேசான கரி காத்துக்குள்ள போகும். நாங்கள் காத்தைப் பிடிச்சு, பாரமானது எவ்வளவு, லேசானது எவ்வளவு எண்டு மெசினில விட்டுப் பாப்பம். உலகம் சூடாகுது எண்டு கதைக்கினமெல்லே, அந்தப் புகை எங்கயிருந்து வந்தது எண்டு பிடிபடும்."

"அப்ப காத்திட்டப் போய் உனக்கு எந்த ஊர் எண்டு கேக்கிறாய்."

"ஓம் அக்கா! அதேதான்!" என்று மேசையில் தட்டினாய். ஒரே ஒரு நாள் நான் கெட்டிக்காரியாக இருந்தேன். ஜெனி அதைக் கவனிக்கவில்லை. மாடு தின்றுவிட்டு ஏவறை விடுகிற காற்றையும் நீ அளப்பாய் என்று கேள்விப்பட்டதில் இருந்து அவள் மாடு மாதிரி ஏவறை விட்டுக்கொண்டிருந்தாள்.

உனக்குச் சுத்தமான காற்று வேண்டும். கடலுக்கு மேலால், தென்மேற்கில் இருந்து வர வேண்டும். அதற்கு நீ என் துணிக்கொடியைத்தான் பார்ப்பாய். நான் துவைத்துப் போட்ட கட்டில் விரிப்பு வேலிப் பக்கம் பறந்தால், "ஜெனி, சப்பாத்தைப் போடு!" அவ்வளவுதான், இரண்டு பேரும் முரிவாய்க் கடற்கரைக்குப் போய்விடுவீர்கள். விரிப்பு என்னுடையது, பிள்ளை என்னுடையது, போவது நீ.

தொண்ணூற்றைந்தாம் வருசம் ஒரு சனிக்கிழமை நானும் வாறேன் என்று காரில் ஏறினேன். நீயும் ஜெனியும் ஒருவரை ஒருவர் பார்த்தீர்கள். ஒரு நொடிதான். வழி முழுக்க, முரிவாய் வரும்வரை அந்த ஒரு நொடியைத்தான் நான் மென்றுகொண்டு வந்தேன்.

மலை விளிம்பில் காற்று ஆளைத் தள்ளியது. நீ சொன்னாய்: "அக்கா, நீங்கள் காரடியிலயே நில்லுங்கோ. மூச்சுப் பட்டாப் பழுதாப் போயிடும்."

"அப்ப ஜெனி?"

"அவளுக்குப் பழக்கம். என்னை விட வடிவா அடக்குவாள்."

காற்றெல்லாம் உறிஞ்சி எடுத்த இரண்டு வெறும் போத்தல். ஒரே இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக நிரப்ப வேண்டும். இரண்டும் ஒரே கதை சொன்னால்தான் அந்தக் கதையை நம்புவார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். முதல் போத்தலை நீ பிடித்தாய். மூச்சை அடக்கிக்கொண்டு காற்றுக்கு எதிரே நடந்து, தலைக்கு மேலே தூக்கித் திருகியைத் திறந்து, இஸ் என்று உள்ளே போகவிட்டு, மூடிக்கொண்டு திரும்பினாய். இரண்டாவதை ஜெனியிடம் கொடுத்துவிட்டு, முதலாவதைப் பெட்டியில் சுற்றிவைக்கக் காருக்கு வந்தாய். எங்களுக்கு முதுகு காட்டிக் குனிந்து நின்றாய்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை, கன்னம் உப்ப, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பூசையில் பாதர் கிண்ணத்தைத் தூக்குவது போல அந்தப் போத்தலைத் தூக்கினாள். என்னோடு அவள் ஒரு நாளும் அப்படி ஒரு காரியம் செய்ததில்லை. நான் பின்னால் போனேன். கடல் பக்கமாகச் சுற்றி நின்றேன். அவள் திருகியைத் திறந்த நேரம், எக்கி நின்று, என் நெஞ்சில் இருந்த அவ்வளவு மூச்சையும் அந்த வாயில் ஊதினேன்.

அவள் கண் திறந்தபோது நான் நாலடி தள்ளி, காற்றில் பறந்த அவளின் தொப்பியைப் புல்லில் இருந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிழமை நீ வேலையால் வந்து ஜக்கெற்றைக் கழற்றாமலே மேசையடியில் வந்து இருந்தாய்.

"ஜெனிக் குஞ்சு, ரெண்டு போத்தலும் ஒத்து வரேல்லை. ரெண்டாவதில கரிக்காத்துக் கனக்கக் கிடக்கு, லேசான கரி. கார்ப்புகையெண்டா வேற நச்சும் கலந்திருக்கும். அது இல்லை. இது மூச்சு. நாங்கள் சாப்பிடுற சோறும் செடிதானே, மூச்சும் அப்பிடித்தான் காட்டும். தெரியாமல் கொஞ்சம் விட்டிட்டியோடா?"

"நோ! நான் விடேல்லை!"

"பரவாயில்லையடா. எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

"நான் விடேல்லை, சின்னம்மா! எண்ணிக்கொண்டு நிண்டனான்!" என்று அழுதாள். நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. வெங்காயம் கருகுகிற வரைக்கும் திரும்பவில்லை. பிறகு வந்து என் பிள்ளையைக் கட்டிப்பிடித்தேன். அவளும் என் வயிற்றில் முகத்தைப் புதைத்தாள். கன காலத்துக்குப் பிறகு அப்படிப் புதைத்தாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது, தும்பி. அதை மறைத்து என்ன செய்ய.

அடுத்த முறை விரிப்பு வேலிப் பக்கம் பறந்தபோது நீ கூப்பிட்டாய். "நான் பழுதாக்கிப் போடுவன்" என்று அவள் வரவில்லை. மூன்றாம் முறையும் வரவில்லை. பிறகு நீ கூப்பிடவில்லை. சனிக்கிழமைகளில் என்னோடு கடைக்கு வந்தாள், பை தூக்கினாள். விஞ்ஞானப் பாடத்தில் கை உயர்த்துவதில்லை என்று அவளின் ரீச்சர் கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை எனக்கு வாசித்துச் சொன்னதும் நீதான்.

நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இங்கத்தைப் பாதருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த இங்கிலிசில், போத்தலுக்குள் மூச்சு விட்டேன் என்று சொன்னேன். குடிப் போத்தலோ என்று கேட்டார். இல்லை, தங்கச்சியின் போத்தல், வெறும் காற்று என்றேன். மூச்சு விடுவது பாவமில்லை மகளே என்று சொல்லி, அருள் நிறைந்த மரியே மூன்று தரம் சொல்லச் சொன்னார். முப்பது தரம் சொன்னேன். ஒன்றும் இறங்கவில்லை.

பிறகு உனக்கு வயிற்றில் கட்டி வந்தது. நாலு மாதம் உன்னைக் குளிப்பாட்டினேன், தலை துடைத்தேன், கஞ்சி பருக்கினேன். சொல்ல எவ்வளவு நேரம் இருந்தது. ஒவ்வொரு நாளும், நாளைக்குச் சொல்லுவோம் என்று துவாயை மடித்தேன். ஒரு நாள் நீ என் கையைப் பிடித்து, "அக்கா, கனக்க யோசிக்காதேங்கோ" என்றாய். நான் உன் வயிற்று வருத்தத்தைத்தான் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

நேற்று உன் பெரியவர் போன பிறகு ஜெனி உன் கொப்பியைப் புரட்டினாள். இப்போது அவளுக்குப் பதினாறு. ஒரு பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு வாசித்துக் காட்டினாள். அந்தச் சனிக்கிழமையின் இரண்டாம் போத்தல், விலக்கப்பட்டது. மூச்சுக் கலந்தது. காற்று எடுத்தவர் என்ற இடத்தில் உன் பெயர். கீழே, பிழை என்னுடையது என்று உன் கையெழுத்து.

"பாருங்கோம்மா, சின்னம்மா லாபில என்ர பேரைச் சொல்லவே இல்லை!" என்று முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. விரலை மடக்கி மடக்கி யோசித்தாள். உன்னைப் போலவே. "பட், சின்னம்மா காரடியில நிண்டவ. நானும் விடேல்லை, அம்மா. சத்தியமா எண்ணிக்கொண்டு நிண்டனான். நீங்கள்..." என்று என்னைப் பார்த்தாள். "நீங்கள் என்ர தொப்பியை எடுத்தனீங்கள்."

"ஓம்."

"தெரியாமலோ அம்மா?"

அந்தப் பிள்ளை எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டாள். ஓம் என்று சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது.

"இல்லையம்மா. தெரிஞ்சுதான் செய்தனான்."

"ஏன்?"

"எரிச்சலில."

அவள் கொப்பியை எடுத்துக்கொண்டு உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இன்று காலை நான் அடுப்படியில் நிற்கும்போது, என் பக்கம் பாராமலே ரெலிபோனை எடுத்து உன் பெரியவருடன் கதைத்தாள். அடுத்த சனிக்கிழமை லாபுக்கு வந்து பார்க்கலாமோ என்று கேட்டாள். அவ்வளவு இங்கிலிசு எனக்கு விளங்கும். என் பிள்ளை திரும்பவும் உன்னிடம் போகிறாள். நீ இல்லாத இடத்துக்குக்கூட உன்னைத் தேடித்தான் போகிறாள். எனக்கு வயிறு எரிந்தது. எரிய எரிய அவளுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

நீ காரடியில், ஜெனி விடவில்லை, மிச்சம் நான்தானே; ஆருடைய மூச்சு என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. நாலு வருசம் அதை வைத்துக்கொண்டு என் சோற்றைத் தின்றிருக்கிறாய், ஒரு சொல் கேட்கவில்லை. படிப்பில் என்னை வென்றாய், சரி. இதிலும் வென்றுவிட்டாய். பொறுத்துக்கொண்டவள் என்ற பெயரும் உனக்கே போய்விட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடிதத்தை இதோடு நிறுத்துவோம் என்று எழுந்தேன். ஒன்று ஞாபகம் வந்து திரும்ப எழுதக் குந்துகிறேன். நீ வந்த முதல் வருசம், ஒரு காலை, நான் ஜெனிக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவள் என் இரண்டு முழங்காலுக்கும் இடையில் நித்திரைக் கலக்கத்தோடு சாய்ந்திருந்தாள். நீ வேலைக்கு வெளிக்கிட்டு, கார்த் திறப்புக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சமையலறைக் கதவடியில் நின்றாய். நேரம் போகிறது என்று சொல்லியும் போகாமல் நின்றாய். "அக்கா, ஒரு பக்கத்தை நான் பின்னட்டோ?" என்றாய். "உனக்கு வராது, நீ போ" என்றேன். நீ சிரித்துவிட்டுப் போனாய். கார் உடனே கிளம்பவில்லை. நான் இரண்டு பின்னலும் முடித்து றிபன் கட்டிய பிறகுதான் சத்தம் கேட்டது.

அவ்வளவு நேரமும் காருக்குள் இருந்து என்ன செய்தாய்? அன்றைக்கு, ஒரே ஒரு நாளாவது, உனக்கும் என்னில் பொறாமை வந்ததா?