கண்ணாடிச் சட்டத்தைக் காசிமிடம் கொடுக்கலாமா?

என் ஆசைக்கும் கோபத்துக்கும் உரிய வள்ளி அப்பாவுக்கு,

நீங்கள் போய்விட்டீர்கள், ஆனால் நம் சண்டை தீரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஊரில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

முந்தாநாள் காவேரிப்பட்டினத்திலிருந்து காசிம் வந்தான். உங்களோடு ராஜஸ்தானுக்கு வந்து, உங்கள் பெட்டியோடு தனியாகத் திரும்பிய அதே காசிம்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, தலை நிமிராமல் கேட்டான்.

"அண்ணனக் கூட்டிட்டுப் போன கம்பெனிக்காரங்க மறுபடியும் பாலைவனத்துக்குப் போறாங்க அக்கா. இந்தத் தடவ கண்ணாடியத் திருப்புற வேல எனக்கு. அண்ணன் மொதமொதல்ல செஞ்ச சட்டம் நம்ம கொல்லையில கெடக்குதே, அதக் குடுத்தீங்கன்னா..."

"ஒரு உசுரு போனது பத்தலையா? உன் பொண்டாட்டி மாசமா இருக்கா. அவளும் என்னை மாதிரி நிக்கணுமா?" என்று கத்திவிட்டேன். பாவம், வந்த வழியே போய்விட்டான்.

பெங்களூர் மில்லில் கொதிகலன் பார்த்த மனுஷர் நீங்கள். சுள்ளிகூடக் கிடைக்காத பாலைவனத்தில் கண்ணாடிகளால் வெயிலைத் தண்ணீர்க் குழாய்மேல் குவித்து அதையே விறகாக்கலாம், அந்த ஆவியில் இஞ்சின் ஓட்டித் தண்ணீர் இறைக்கலாம் என்பீர்கள். ஆவிக்கே தண்ணீர் வேண்டுமே, அதற்கு எங்கே போவீர்கள் என்று கேட்டேன். "ஆவி குளுந்தா மறுபடியும் தண்ணிதானே புள்ள, அதையே சுத்தி விடலாம்" என்றீர்கள். மணல் கண்ணாடியை மூடிவிடாதா? தொடச்சா போச்சு என்றீர்கள். நாளெல்லாம் அந்த வெயிலில் நிற்கிற ஆள் என்ன ஆவான் என்று கேட்டதற்கு மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினீர்கள், அந்த வெயிலிலேயே சுருண்டு விழுந்தீர்கள்.

காசிம் போனதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நீங்கள் செத்தது ஆகாத காரியத்துக்காகவா, ஆகிற காரியத்துக்காகவா? அது தெரியாமல் சோறு இறங்கவில்லை. நேற்றுக் கொல்லைக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்துப் போட்டுக் கண்ணாடிகளைத் துடைத்தேன். குழாயில் தண்ணீர் நிரப்பி, வெளிச்சம் அதன்மேல் விழும்படி சட்டத்தைத் திருப்பினேன். நம் சேலம் ஜில்லா வெயிலுக்கே ஆவி சீறிக்கொண்டு வந்தது.

ஆனால் சூரியன் ஓரிடத்தில் நிற்கிறதா? கொஞ்சம் அசந்தால் வெளிச்சம் நழுவுகிறது, ஆவி அடங்குகிறது. திருப்பித் திருப்பி எனக்குத் தலை கிறுகிறுத்தது. "அம்மா, நெழலுக்கு வாம்மா" என்று வள்ளி கூப்பிடுகிறாள். "இருடி, இப்பத்தான் ஆவி வருது" என்கிறேன். சொன்ன பிறகு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீங்களும் இப்படித்தானே அங்கே நின்றிருப்பீர்கள்?

அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கவலையில் இறைத்த வீட்டுப் பிள்ளைதானே நீங்கள்? அந்தக் கயிறும் கப்பியும் கிணற்றடியில் சும்மாதானே கிடக்கின்றன? சட்டத்தின் இரண்டு ஓரத்திலும் கயிற்றைக் கட்டி, கப்பி வழியாக மாமரத்தடிக்குக் கொண்டுவந்தேன். உட்கார்ந்தபடியே இழுத்தேன். சட்டம் திரும்பியது, ஆவி அடங்கவில்லை.

பக்கத்துக் கொல்லை முனியம்மா எட்டிப் பார்த்து, "என்னாடி, சூரியனுக்கே மூக்கணாங்கயிறு போட்டுட்டியா?" என்றாள். சிரித்துவிட்டேன். நீங்கள் போன பிறகு நான் சிரித்தது நேற்றுத்தான்.

இது ஆகிற காரியம்தான் என்று பாதி நம்புகிறேன். ஒரு குழாய் ஆவி வேறு, இஞ்சின் ஓடுவது வேறு. மணல் என்ன செய்யும் என்பது மணலுக்குத்தான் தெரியும். ஆனால் இதற்காக ஓர் ஆள் சாக வேண்டியதே இல்லை. ஒரு கயிறும் நாலு கீற்று நிழலும் போதுமாக இருந்திருக்கும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று காசிமை வரச்சொல்லி, கயிறு கப்பியோடு சட்டத்தைக் கொடுத்துவிட்டேன். "மொதல்ல பந்தல் போடு. அப்புறந்தான் கண்ணாடியத் தொடணும்" என்று வள்ளி தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினேன்.

"காத்துல பந்தல் பிச்சுக்கிட்டுப் போயி வேல நின்னுட்டா அக்கா?"

"நிக்கட்டும்டா. நீ திரும்பி வா."

உங்களை வண்டி ஏற்றிய அன்று சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இனி வெயிலை நம்பிப் போகிற எவரையும் அதைச் சொல்லாமல் இந்த வாசலிலிருந்து அனுப்ப மாட்டேன்.

உங்கள் பெண்டாட்டி,
வள்ளி அம்மா,
நாகரசம்பட்டி