திரைக்குக் கீழே போன வரி

அக்கா,

இன்று அலமாரியை ஒழித்தபோது, பழைய கோப்பு ஒன்றில் நீங்கள் நிரப்பிய கருத்துப் படிவம் கிடைத்தது. ‘தகவல் திருப்தியாக இருந்ததா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்ற கட்டத்தில் டிக். கீழே உங்கள் சாய்ந்த கையெழுத்தில், ‘மனசு லேசாச்சு.’ நின்றபடி படித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொடைக்கானலில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்த காலம் அது. நாம் வேலை பார்த்த சின்ன மருத்துவமனைக்காகத் தமிழில் ஓர் உடல்நல இணையதளம் செய்துகொண்டிருந்தேன். நீங்கள் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுபவர். வில்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவீர்கள். படிப்பவர்களுக்குப் புரிகிறதா என்று பார்க்க, உங்களைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, ஏதாவது ஒரு பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். மார்பகக் கட்டி பற்றிய பக்கத்தைக் கேட்டீர்கள். திறந்து கொடுத்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. படித்து முடித்து நீங்கள் நிரப்பித் தந்த படிவத்தை மறுநாள் கூட்டத்தில் பெருமையாகப் படித்துக்கூடக் காட்டினேன்.

அடுத்த குளிர்காலத்தில் மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தீர்கள். மார்பில் புற்று முற்றி, இடது கை வீங்கியிருந்தது. முன்பே ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். நம் மருத்துவமனையில் எல்லாரும் தெரிந்த முகம், சொல்லக் கூச்சமாக இருந்தது என்றீர்கள். பிறகு,

“நீதானே தங்கச்சி எழுதியிருந்த, கட்டின்னா பெரும்பாலும் பயமில்லன்னு. அதோட கம்ப்யூட்டர விட்டு எழும்பிட்டேன்” என்றீர்கள்.

நீங்களே சொன்னீர்கள்: “உன் மேல குத்தமில்ல. நான் தேடுனதே அந்த வார்த்தையைத்தான்.”

மலையேறி வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். முதல் வரி: ‘பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல.’ அதன் கீழே, படிப்பவர் பதறக் கூடாதென்று நான் வைத்த பெரிய ஏரிப் படம். ‘எந்தக் கட்டியானாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்’ என்ற வரி அதற்கும் கீழே, திரையை நகர்த்தினால்தான் தெரியும் இடத்தில். நகர்த்துவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அன்றே படத்தை நீக்கினேன். அந்த வரியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். துக்க வீட்டில் உங்கள் வீட்டுக்காரர், ‘கம்ப்யூட்டர்ல வைத்தியம் எழுதுற புள்ள’ என்று என்னை உறவினர்களிடம் மரியாதையாகச் சொன்னார். என்னால் தலை நிமிர முடியவில்லை.

இப்போதும் இதே வேலைதான். படித்தவர்களிடம் திருப்தியா என்று கேட்பதை விட்டுவிட்டேன். இதைப் படித்தபின் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்கிறேன். சிலர் பதில் சொல்லாமல் திரையையே பார்ப்பார்கள். அப்போது வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

அன்று உங்கள் தோளை ஒட்டித்தான் நின்றிருந்தேன், அக்கா. ஏன் இந்தப் பக்கத்தைக் கேட்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.