காப்பி கொடுத்த பெரட்டு

மார்ச் 9, இரவு

தோட்டத்து ஹோட்டலில் அறை துடைக்கும் எங்களைக் காலையில் தேயிலைக் கொழுந்துக் கூடை மாட்டி, தூறலில் வரிசையாக நிற்க வைத்தார்கள். தங்க வந்த வெள்ளைக்காரர்களுக்குப் பெரட்டு காட்டவாம். அவர்கள் சாப்பிட்டு முடித்துப் பிந்தித்தான் வந்தார்கள்.

பெரட்டு என்றால் என்னவென்று அவர்களில் ஒரு பெண் கேட்டாள். மேனேஜர், "இவங்களோட பழைய தமிழ் வார்த்தை" என்றான். துரைமார் கொண்டுவந்த 'பரேட்' அது. சிப்பாய்களைப் போல எங்கள் சனத்தை விடியுமுன் நிறுத்தி வேலைக்குப் பிரித்த பரேட். அதையும் எங்கள் தலையிலேயே கட்டிவிட்டான். தூ!

அம்மா இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறாள். அவளிடம் சொன்னேன்.

"பிந்தி வந்தவங்கள என்ன செஞ்சாங்க?"

"காப்பி குடுத்தாங்கம்மா."

"பிந்திப் போனா எங்கள வேலை குடுக்காம வீட்டுக்குத் திருப்பி அனுப்பிருவாங்க. காப்பி குடுத்தா அது என்னடி பெரட்டு?"

நாளைக்கும் கூடை மாட்ட வேண்டுமாம்.